அகன்ற முதுகும் நழுவும் சேணமும்: வாசகர் கேள்வி–பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் சேணம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: குதிரை குண்டு, சேணம் நிற்பதில்லை. அதனால் இந்த இதழில் அகன்ற முதுகுக் குதிரைகளுக்கே இடம். பதில்களில் அடிக்கடி வரும் பெயர்கள் சிலவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேணத்துக்குள் இருக்கும் மர அல்லது பிளாஸ்டிக் எலும்புக்கூடு ‘ட்ரீ’. இங்கே சட்டம் என்கிறோம். முன்பக்க வளைவின் இருபுறமும் கீழிறங்கும் முனைகள் சட்டத்தின் நுனிகள். குதிரை மேல் படியும் மெத்தைகள் பேனல்கள். இரண்டு பேனல்களுக்கும் நடுவே முதுகெலும்புக்காக விட்ட வழி, வாய்க்கால். வயிற்றின் அடியில் கட்டுவது கர்த். அதை மாட்டுகிற தோல்வார்கள் கர்த் வார்கள். ‘விதர்ஸ்’ என்பது கழுத்து முடியும் இடத்தில் எழும்பி நிற்கும் தோள்மேடு.

கேள்வி (நாகலூர்): எங்கள் தோட்டத்துக் கலப்பினக் குதிரை 14 கை (சுமார் 142 செ.மீ.) உயரம். முதுகு தட்டை, தோள்மேடு எங்கே என்று தடவித்தான் பார்க்க வேண்டும். கான்பூரிலிருந்து ‘வைட்’ சேணம் வரவழைத்தோம். கர்த்தை எவ்வளவு இறுக்கினாலும் இறக்கத்தில் சேணம் முன்னால் போய்த் தோளில் ஏறிக்கொள்கிறது. ஏறும்போது இடப்பக்கம் புரள்கிறது. இதைவிட அகலமானது வாங்க வேண்டுமா?

பதில்: அடுத்த சேணத்தைப் பற்றி யோசிக்கும் முன், கர்த்தை இறுக்குவதை நிறுத்துங்கள். சேணத்தை முதுகில் நிறுத்துவது சட்டத்தின் வடிவமும் பேனல் படியும் பரப்பும்தான். பொருந்தாத சேணத்தை இறுக்க இறுக்கக் குதிரைக்கு மூச்சு முட்டும், சேணம் நிற்காது.

நீங்கள் எழுதியிருப்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ‘காப்’ என்று சொல்லும் உடல்வாகு: குட்டைக் கால், பருத்த உடல், அகன்ற மார்பு, குறுகிய முதுகு, புதைந்த தோள்மேடு. வெல்ஷ் காப் போன்ற சில தனி இனங்களாகப் பதிவாகின்றன. மற்றபடி காப் என்பது உடலமைப்பைக் குறிக்கும் சொல். நம் பக்கம் அந்த ரத்தம் அபூர்வம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்குத் தோள்மேடு தூக்கலாக, முதுகு இருபுறமும் சரிந்து இருக்கும். மட்டக்குதிரைக் கலப்பிலோ இந்தக் காப் உடல்வாகு அவ்வப்போது தலைகாட்டும். இனம் எதுவானால் என்ன, சேணம் பார்ப்பது முதுகைத்தான்.

‘வைட்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவரின் ‘வைட்’ இன்னொருவரின் ‘மீடியம்’ ஆக இருக்கும். அதைவிட முக்கியம் வடிவம். சேணத்தை மேசையில் வைத்து முன்பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள். முன்வளைவு கவிழ்த்த ஆங்கில ‘V’ மாதிரி உச்சி குறுகிக் கீழே விரிகிறதா, அல்லது கவிழ்த்த ‘ப’ மாதிரி உச்சியிலேயே அகன்று பிறகு இறங்குகிறதா? முதல் வகையை எவ்வளவு அகட்டினாலும் உச்சி குறுகலாகவே இருக்கும். தட்டையான முதுகில் அது முழுப் பரப்பும் படியாமல் இரண்டு ஓரங்களில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். ஒரு பக்க அங்கவடியில் (கால் வைத்து ஏறும் வளையம்) எடை விழுந்ததும் புரளும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. விற்பவர்களிடம் ‘ஹூப் ட்ரீ’ என்று கேளுங்கள். அதோடு பேனலும் தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். நடுவில் தொங்கி இரு முனையும் மேலே வளைந்த பேனல் தட்டை முதுகில் முன்னும் பின்னும் ஆடும்.

முன்னால் ஓடுவதற்குக் காரணம் வேறு. முழங்கைக்குப் பின்னால், மார்பின் அடியில், உடல் மிகக் குறுகலாக இருக்கும் ஒரு பள்ளம் உண்டு. எங்கே கட்டினாலும் கர்த் சில நிமிட நடையில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். காப் உடலில் வயிறு பின்னோக்கி விரிந்துகொண்டே போவதால் இந்தப் பள்ளம் முழங்கையை ஒட்டியே இருக்கும். கர்த் வார்கள் பள்ளத்துக்கு நேர் மேலே தொங்கினால் தொல்லை இல்லை. நாலு விரல் பின்னால் தொங்கினால், கர்த் முன்னால் ஓடும்போது சேணத்தையும் கூட்டிக்கொண்டு ஓடும். முன்னங்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர வேண்டும். அந்த இடத்தில் சேணம் உட்கார்ந்திருந்தால் எட்டு வைக்கும் தூரம் குறுகிப்போகும். இறக்கத்தில் குதிரை தயங்குவதைப் பிடிவாதம் என்று நினைக்கிறோம். பல நேரம் வலிதான் காரணம்.

சோதிப்பது எளிது. கர்த் மாட்டாமல் சேணத்தை உரிய இடத்தில் வைத்துப் பக்கவாட்டில் நின்று, வார்கள் எங்கே தொங்குகின்றன, பள்ளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் சிறிதென்றால் நடுப்பகுதி முன்னோக்கியும் இரு முனைகள் பின்னோக்கியும் வளைந்த கர்த் போதும். பெரிதென்றால் சட்டத்தின் நுனியிலிருந்தே இறங்கும் முன்வார் வேண்டும். அதை ‘பாயிண்ட் ஸ்ட்ராப்’ என்பார்கள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்துத் தைக்கத் தெரிந்தவர் மட்டுமே அதைச் சேர்க்கலாம். செருப்புக் கடையில் கொடுத்துத் தோல் உறையோடு தைத்துவிட வேண்டாம். எடை வந்ததும் பிய்ந்துவிடும்.

மலைப்பாதைக்கு வால்பட்டையும் நல்ல துணை. சேணத்தின் பின்புறத்திலிருந்து போய் வாலின் அடியைச் சுற்றும் பட்டை அது. உள்ளங்கையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி முதுகுக்கும் பட்டைக்கும் நடுவே விட இடம் இருக்க வேண்டும். அதைவிட இறுக்கினால் வால் அடியில் புண் வரும். வாலைச் சுற்றும் பகுதி மழமழவென்று, வியர்வை உப்பு படியாமல் இருக்கட்டும். பழக்காமல் நேராக மாட்டினால் சில குதிரைகள் உதைக்கும்; முதலில் சில நாள் கையில் பிடித்து நடத்திப் பழக்குங்கள். மார்புப்பட்டை போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஏற்றத்தில் சேணம் பின்னால் சரிவதைத் தடுக்கும். இறக்கத்தில் ஒரு பயனும் இல்லை.

ஏறும்போது புரள்வதைத் தவிர்க்க, ஏறி நிற்க ஒரு திண்ணையோ கல்லோ போதும். தரையிலிருந்து ஒரே அங்கவடியில் முழு எடையையும் போட்டு ஏறுவது அகன்ற முதுகில் எந்தச் சேணத்தையும் திருப்பிவிடும். நாளடைவில் சட்டத்தையும் கோணலாக்கும்.

கேள்வி (ஏற்காடு): முதுகை அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார் கான்பூர் பட்டறைக்காரர். எப்படி அளப்பது? சேணம் வந்தபின் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அளவு கேட்கும் பட்டறை கிடைத்ததே பாதி வெற்றி. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஏற்றுமதிக்கு வகைவகையான சட்டங்களில் செய்து பழகிய ஊர். நீங்கள் அனுப்பும் அளவு சரியாக இருந்தால் அவர்களால் செய்ய முடியும்.

வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ‘ஃபிளெக்சி கர்வ்’ அளவுகோல் ஒன்று வேண்டும். வரைபடப் பொருள்கள் விற்கும் கடையில் கேளுங்கள், 30 செ.மீ. கோல் போதாது, 60 செ.மீ. தேவை. கிடைக்காவிட்டால் தடித்த அலுமினியக் கம்பி. கூடவே சாக்பீஸ், சார்ட் தாள், கத்தரிக்கோல், பிடித்துக்கொள்ள ஓர் ஆள்.

குதிரையைச் சமமான சிமென்ட் தரையில் நாலு காலும் நேராக நிற்க வையுங்கள். புல்தரை வேண்டாம். தலை இயல்பான உயரத்தில் நேராகப் பார்க்கட்டும்; தீனியைக் காட்டித் தலையைத் தாழ்த்தினால் முதுகு உயர்ந்துவிடும், அளவு பொய்யாகும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு மூன்று விரல், அதாவது சுமார் 5 செ.மீ., பின்னால் முதல் இடம். முதுகின் தாழ்ந்த புள்ளி இரண்டாவது இடம். கடைசி விலா எலும்பு மூன்றாவது: விலாவின் விளிம்பை அடிவயிற்றுப் பக்கத்தில் தொட்டுப் பிடித்து, அது போகும் போக்கிலேயே மேலே வாருங்கள், முதுகெலும்பைச் சந்திக்கும் இடத்தில் குறியிடுங்கள். குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா. சேணம் 18-வது விலாவின் கோட்டைத் தாண்டவே கூடாது. அதற்குப் பின்னால் எடை தாங்க விலாவின் துணை கிடையாது. காப் முதுகு குறுகியது என்பதால் இந்த ஒரு குறி பல சேணங்களைக் கழித்துவிடும்.

மூன்று இடங்களிலும் கோலை முதுகின் குறுக்கே போட்டு இருபுறமும் உள்ளங்கையால் அழுத்திப் படிய வையுங்கள். முதுகெலும்பின் நடுப்புள்ளியைக் கோலில் குறித்துவிட்டு, வளைவு கலையாமல் தூக்கித் தாளில் வரையுங்கள். எந்த இடம், எது இடது, எது வலது, என்ன தேதி என்று அங்கேயே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் இடமும் வலமும் குழம்பும். நாலாவதாக, தோள்மேட்டிலிருந்து கடைசி விலா வரை முதுகெலும்பின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் குதிரை நகர்ந்திருக்கிறது, மூன்றாவதும் எடுங்கள்.

முதல் வளைவுத் தாளை நடுக்கோட்டில் மடித்தால் இரு தோள்களும் சமமா என்று தெரியும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். ஒரு செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய தோளுக்குச் சேணத்தைப் பொருத்தி, சிறிய பக்கத்தைத் திணிப்பாலோ சிறு மெத்தையாலோ நிரப்பச் சொல்லுங்கள். சிறிய தோளுக்குப் பொருத்தினால் பெரிய தோள் நசுங்கும்.

விற்பவரிடமிருந்து நீங்களும் டேப் வைத்து எடுத்த படங்கள் கேளுங்கள்: சட்டத்தின் இரு நுனிகளுக்கு இடையே கீழே உள்ள தூரம், வாய்க்காலின் அகலம், முன், நடு, பின் மூன்று இடத்திலும், பேனல் குதிரை மேல் உண்மையில் படியும் நீளம், சமதளத்தில் பக்கவாட்டுத் தோற்றம். சிலர் முன்வளைவைச் சேணத்தின் முன்புறம் உள்ள இரு உலோக வளையங்களுக்கு இடையே அளப்பார்கள், சிலர் நுனிகளுக்கு இடையே. எங்கே அளந்தது என்று கேட்காமல் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. 17, 17.5 என்று அங்குலத்தில் சொல்லுவது இருக்கையின் அளவு. அது உங்களுக்கு, குதிரைக்கு அல்ல.

சேணம் வந்ததும், விரிப்பு எதுவும் இல்லாமல், தோள்மேல் சற்று முன்னால் வைத்து ரோமத்தின் திசையிலேயே பின்னால் தள்ளுங்கள். தானாக ஓரிடத்தில் நிற்கும். நுனிகள் தோள் எலும்புக்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்கின்றனவா? தோள்மேட்டுக்கும் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். நாலு விரல் புகுந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தோள்மேடே இல்லாத குதிரையில் அவ்வளவு இடைவெளி என்றால் சேணம் குறுகல், மேலே தொற்றிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். இருக்கையில் ஓர் உருண்டைப் பென்சிலை குறுக்காக வையுங்கள். நடுவில் நின்றால் சமநிலை சரி. பின்னால் உருண்டால் முன்பக்கம் தூக்கி நிற்கிறது, பெரும்பாலும் சட்டம் குறுகல். முன்னால் உருண்டால் சட்டம் அதிக அகலம்.

பிறகு ஒரு கையால் சேணத்தை லேசாக அழுத்திக்கொண்டு மறு கையைப் பேனலின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓட்டுங்கள். அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மட்டும் கை தளர்ந்தால் எடை நாலு மூலைகளில் மட்டும் விழுகிறது. முன்னையும் பின்னையும் மாறி மாறி அழுத்தினால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். வாய்க்கால் முழு நீளத்துக்கும் மூன்று நாலு விரல் அகலம் இருக்கட்டும். இவ்வளவும் சரியானால்தான் ஆள் ஏற வேண்டும். ஏறிய பிறகு 20 நிமிடம் நடையும் துள்ளோட்டமும் முடித்து எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். சேணத்தின் தோல் அழுக்காகாமல் இருக்க மெல்லிய பருத்தித் துணி விரிக்கலாம். திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை வாங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): சேணம் கொஞ்சம் இறுக்கம். ஜெல் மெத்தையும் அதன்மேல் தடித்த விரிப்பும் போட்டால் குதிரைக்கு மென்மையாக இருக்காதா?

பதில்: கடிக்கிற செருப்புக்குள் தடித்த காலுறை போட்டால் கடி குறையுமா? இறுகிய சேணத்தின் அடியில் போடும் ஒவ்வொரு அடுக்கும் இன்னும் இறுக்கும். சற்று அகலமான சேணத்தில்தான் மெத்தைக்கு வேலை, அதுவும் தற்காலிகமாக.

அகன்ற முதுகுக்காரர்கள் அடுத்து வாங்குவது வழுக்காத ரப்பர் விரிப்பு. சேணம் நகராமல் நிற்கும், உண்மைதான். ஆனால் புரள வைக்கும் விசை எங்கும் போய்விடாது. தோலையும் ரோமத்தையும் பிடித்து இழுக்கும். சேலத்து வெயிலில் ரப்பரும் ஜெல்லும் சூட்டையும் அடைத்து வைக்கும். சேணம் பொருந்தினால் பஞ்சு வைத்துத் தைத்த சாதாரணப் பருத்தி விரிப்பு ஒன்றே போதும். கர்த் கட்டும் முன் அதை நடுவில் வாய்க்காலுக்குள் தூக்கி விடுங்கள். இல்லையேல் தோள்மேட்டின் மேல் இழுபட்டு அழுத்தும். துவைத்த பிறகு சோப்பு போக நன்றாக அலசுங்கள்.

கேள்வி (ஓமலூர்): முன்சட்டம் மாற்றக்கூடிய சேணம் வாங்கி, இருப்பதிலேயே அகலமான கம்பியை மாட்டினேன். இன்னும் ஆடுகிறது.

பதில்: சேணத் தயாரிப்பாளர் விண்டெக்கின் மாற்றுக்கம்பிகள் நிறத்தால் அளவு சொல்லும்: கறுப்பு மீடியம், சிவப்பு வைட், வெள்ளை அதைவிட அகலம். ஆனால் கம்பி மாற்றுவது முன்பக்கத்தின் அகலத்தையும் கோணத்தையும் மட்டும். சட்டத்தின் நடுவும் பின்பக்கமும், பேனலின் வளைவும், வாய்க்காலின் அகலமும் அப்படியேதான் இருக்கும். உங்கள் சேணம் ஆடுவது பேனல் வளைவால் என்றால் எந்தக் கம்பியும் தீர்க்காது. அகன்ற முதுகுக்கென்றே தட்டைப் பேனலோடு வரும் மாதிரிகள் உண்டு; அவற்றில் பழைய கம்பி பொருந்துமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (அயோத்தியாபட்டினம்): சேணம் எடுத்ததும் முதுகு முழுதும் ஈரம், தோளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளை ரோமமும் முளைக்கிறது. மேல்வலிக்குத் தைலம் தடவலாமா?

பதில்: தைலம் பிறகு. அந்த இரண்டு திட்டுகளும் சட்டத்தின் நுனிகள் குத்தும் இடங்கள். அழுத்தம் மிகுந்தால் ரத்த ஓட்டம் குறைந்து வியர்வை வராது. சேணம் தொடாத இடமும் காய்ந்திருக்கலாம். வித்தியாசம் அறிய ரோமத்தைப் பாருங்கள். அழுந்திய இடத்தில் ரோமம் படிந்து ஒட்டியிருக்கும் அல்லது உரசித் தேய்ந்திருக்கும். தொடாத இடத்தில் கலையாமல் இருக்கும். வெள்ளை ரோமமோ சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை: ரோமவேர் அடிபட்டு நிறம் இழந்திருக்கிறது. பெரும்பாலும் அது பழைய நிறத்துக்குத் திரும்பாது. அந்தச் சேணத்தை இன்றே ஒதுக்குங்கள்.

வீக்கம் சில நேரம் உடனே தெரியாது. சேணம் எடுத்து அரை மணி கழித்தும் மறுநாள் காலையிலும் விரல்களைத் தட்டையாக வைத்து, தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் இருபுறமும் மிதமாக அழுத்திப் பாருங்கள். முதுகைத் தாழ்த்துவது, காதைப் பின்னால் மடிப்பது, தசை துடிப்பது எல்லாம் வலியின் அடையாளம். கர்த் கட்டும்போதே கடிக்க வந்தாலும் அதே சந்தேகம் கொள்ளுங்கள்.

தோல் உரிந்திருந்தால் ஆறும்வரை சவாரி இல்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கலந்து கழுவுங்கள். பழைய இன்ஜின் ஆயில் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். புண்ணுக்கு நேரே விரிப்பில் ஓட்டை வெட்டுவதும் தவறு: ஓட்டையின் விளிம்பு புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்தும். குதிரைக்கு டெட்டனஸ் சுலபமாக வரும். தடுப்பூசி போட்ட தேதியை எடுத்துப் பார்த்து, காலாவதியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): யார் ஏறினாலும் சேணம் வலப்பக்கமே சரிகிறது. திணிப்பைச் சரிசெய்தும் அதேதான்.

பதில்: ஒருவர் ஏறும்போது மட்டும் சரிந்தால் அவர் உட்காரும் விதத்தைக் குறை சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே பக்கம் சரிந்தால் பின்னங்கால்களைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு பின்னங்கால் நொண்டல் இருந்தாலே சேணம் ஒரு பக்கம் சரிவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நொண்டலைச் சரிசெய்ததும் அதே சேணம் நேராக நின்றதும் உண்டு. எனவே இன்னும் திணிப்பு ஏற்ற வேண்டாம். கெட்டித் தரையில் நேர்கோட்டில் துள்ளோட்டம் விட்டுப் பின்னாலிருந்து வீடியோ எடுத்து, தலைவாசல் அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். லாடம் கடைசியாக அடித்த தேதியையும் சொல்லுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடும் குதிரைக்கு ஜிகினா வேலை செய்த அலங்காரச் சேணம். கயிற்றால் கட்டுகிறோம். வயிற்றில் தழும்பு.

பதில்: கயிறு வேண்டவே வேண்டாம். குறைந்தது மூன்று அங்குல அகலமுள்ள பருத்தி அல்லது நைலான் நாடாவில், இரு முனையிலும் பக்கிள் வைத்துத் தையுங்கள். முழங்கைக்கும் கர்த்துக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். அலங்காரத்தை அடியில் தனியாக ஒரு பொருந்தும் சேணம் போட்டு அதன்மேல் விரிப்பாக மாட்டினால், முதுகில் உரசுவது ஜிகினாவாக இருக்காது. ஊர்வலம் நின்று நின்று மணிக்கணக்கில் போகும். மாப்பிள்ளை இறங்கி நிற்கும் நேரத்தில் கர்த்தை இரண்டு துளை தளர்த்துங்கள். மறுபடி ஏறும் முன் இறுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி (மஞ்சக்குட்டை): சட்டமே இல்லாத சேணம் எல்லா முதுகுக்கும் பொருந்தும் என்கிறார்களே?

பதில்: விற்பவர்கள் சொல்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டால் எடையைப் பரப்ப ஒன்றும் இல்லை. அங்கவடி வாரை மாட்டும் கொளுவிகளின் இடத்திலும் உட்காரும் இடத்திலும் அழுத்தம் குவியும். முதுகெலும்புக்கு வாய்க்கால் விடும் தனி மெத்தை கட்டாயம் வேண்டும். உருண்ட முதுகில்தான் அது அதிகமாகப் புரளும் என்பதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். எடை குறைந்தவர், சமதரை, சிறிது நேரம் என்றால் பரவாயில்லை. உங்கள் மலைப்பாதைக்கு எங்கள் ஓட்டு இல்லை.

கேள்வி (ஏற்காடு): மழைக்குப் பின் புல் செழித்துக் குதிரை நன்றாகப் பருத்துவிட்டது. இப்போதைய அளவுக்கே சேணம் சொல்லலாமா? எவ்வளவு எடை ஏற்றலாம்?

பதில்: முதலில் அது தசையா கொழுப்பா என்று பாருங்கள். 1983-ல் டெக்சாஸில் ஹென்னெக் குழு வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 5 என்பது நடுநிலை: விலா கண்ணுக்குத் தெரியாது, தடவினால் சுலபமாகத் தட்டுப்படும். அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது, பிடரி கெட்டியாகத் தடித்திருக்கிறது, முதுகெலும்பு இருபக்கச் சதைக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது என்றால் 7-க்கு மேல். அந்த உடம்புக்கு அளவெடுத்தால், இளைத்ததும் சேணம் தோள்மேட்டில் இறங்கி உட்காரும். காப் வகையும் மட்டக்குதிரையும் குறைந்த தீனியிலேயே பருக்கும். குளம்பு அழற்சி வரும் ஆபத்தும் அவற்றுக்கு அதிகம். பச்சைப் புல் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் கொள்ளையும் தவிட்டையும் குறையுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள், அதுவும் தீங்கு. உடம்பு ஒரு நிலைக்கு வந்தபின் அளவெடுங்கள், வரைந்த வளைவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அட்டை வளைவை முதுகில் வைத்துப் பாருங்கள். அதனால்தான் கம்பளி திணித்த பேனலை நாங்கள் பரிந்துரைக்கிறோம்: கூட்டலாம், குறைக்கலாம். ஃபோம் பேனலில் அதற்கு வழியில்லை. புதுக் கம்பளி முதல் சில மாதங்களில் அமுங்கும். அப்போது ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள்.

எடைக்கு ஒரு கணக்கு. கர்த் கட்டும் இடத்தில் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் செ.மீ.யில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு என்பது பரவலான வரம்பு: 69 கிலோ. சேணமும் மற்றதும் 9 கிலோ என்றால் ஆளுக்கு மிச்சம் 60. கொழுத்த குதிரையில் கணக்கு ஏமாற்றும். கொழுப்பு எடையைத் தாங்காது, அதுவே ஒரு சுமை. கொழுப்பு குறைந்த எடையில் கணக்கிடுங்கள்; மலை ஏற்றத்துக்கு இன்னும் குறையுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): பழைய சேணம் ஒன்று மலிவாக வருகிறது. பூஞ்சை பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பூஞ்சை பெரிய குறையல்ல, ஈரத் துணியால் வெயிலில் துடைத்து, கிளிசரின் சோப்பால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் போகும். எண்ணெயைக் கொட்டாதீர்கள், தோல் தளர்ந்து வார்கள் நீளும். பார்க்க வேண்டியது சட்டம். சேணத்தின் பின்மேட்டை வயிற்றில் அணைத்து, முன்வளைவை இரு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். சற்றே வளைந்து திரும்ப வேண்டும். மடிந்தாலோ, கிறீச்சிட்டாலோ, இருக்கைத் தோலில் குறுக்குச் சுருக்கம் விழுந்தாலோ வேண்டாம். முன்வளைவின் இரு நுனிகளையும் பிடித்து அகட்டியும் நெருக்கியும் பாருங்கள், அசைவே கூடாது. உடைந்த சட்டத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு. குறுகலாக இருந்தால் அகட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். மரமும் எஃகுத் தகடும் உள்ள சில சட்டங்களை மட்டும், அதற்கான கருவி உள்ளவர் ஓரளவு அகட்ட முடியும். பிளாஸ்டிக்கை வலுக்கட்டாயமாக விரித்தால் விரிசல்தான்.

கர்த் வார்கள் சட்டத்தோடு சேரும் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பிரிந்தால் விலையில் குறைத்துப் புதிதாகத் தைக்கச் சொல்லுங்கள். துளைகள் நீண்டு கிழிந்த வாரை மாற்றியே ஆக வேண்டும். அங்கவடி வார் மாட்டும் இரும்புக் கொளுவியின் நுனி திறந்தபடி இருக்கட்டும். துருப்பிடித்து மூடிக்கொண்டிருந்தால், ஆள் விழும்போது கால் சிக்கினால் வார் கழன்று வராது.